நாற்பது மூட்டைத் தீவனம்

வின்தோ என்ற ஊரில் பிரிமித்திவா கோழி வளர்க்கத் தொடங்கியபோது அவளிடம் இருந்தது இருநூறு குஞ்சுகளும், மண்சுவர் மேல் தார்ப்பாய் போர்த்திய ஒரு கொட்டகையும்தான். நாற்பத்தைந்து நாள் வளர்ப்பாள். கில்லாகொல்லோ ஞாயிற்றுச் சந்தையில் உரித்து விற்பாள். வந்த காசில் மறுபடி இருநூறு குஞ்சு வாங்குவாள். குஞ்சுக்குப் போக மிஞ்சிய பணத்துக்கு எத்தனை மூட்டைத் தீவனம் வருமோ அத்தனைதான். அதனால் கடைசி இரண்டு வாரம் கோழிக்கு அரை வயிறுதான், எடை ஏறாது, விலையும் ஏறாது. இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. இருநூறு, இருநூறாகவே நின்றது.

வங்கிக்கும் போய்ப் பார்த்தாள். நிலப் பத்திரம் யார் பேரில் என்று கேட்டார்கள். மாமியார் பேரில். மாமியார் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது, மகன்கள் நால்வரும் இன்னும் பங்கு பிரிக்கவில்லை. "பிரிச்சு எழுதிட்டு வாங்கம்மா" என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அவளைக் கைதூக்கி விட்டவர் கில்லாகொல்லோ தீவனக் கடைக்காரர் ருப்பெர்த்தோ அர்னெஸ். வாட்டசாட்டமான ஆள். பேசும்போதும் பேசாதபோதும் வாயோரத்தில் ஒரு தீக்குச்சி இருக்கும். ஒருநாள் அவள் ஆறு மூட்டைக்குப் பணத்தை எண்ணி வைத்தபோது அவர் நோட்டைத் தொடவில்லை.

"எத்தன நாள் குஞ்சு?"

"இருபத்தெட்டு."

"இருநூறு கோழிக்கு இந்த ஆறு மூட்டை எதுவரைக்கும் வரும்? மீதி நாளுக்குப் பாட்டுப் பாடியா வயித்த நிரப்புவீங்க?"

பிரிமித்திவாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இவ்வளவுதாங்க இருக்கு."

"பதினொண்ணு ஏத்திக்கிட்டுப் போங்க. மீதி அஞ்சுக்கு கோழி வித்ததும் குடுத்தாப் போதும்."

"என்னை நம்பியா குடுக்கறீங்க?"

"உங்கள எனக்குத் தெரியாது. நாளைக்கு வந்து கோழியப் பாக்கறேன். அதப் பாத்தா உங்களத் தெரிஞ்சிடும்."

சொன்னபடி மறுநாள் வந்தார். குனிந்து ஒரு கோழியைத் தூக்கி நெஞ்சுக்கறியை அழுத்திப் பார்த்தார். பாதத்தைத் திருப்பி அடியில் புண் இருக்கிறதா என்று பார்த்தார். தரையில் பரப்பிய உமியை ஒரு பிடி அள்ளி இறுக்கி விட்டார். அது ஈரமில்லாமல் உதிர்ந்தது. "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போனார். அந்த 'ம்' தான் அவளுக்குக் கிடைத்த கடன் பத்திரம்.

கடனுக்கு வாங்கினால் மூட்டைக்குப் பன்னிரண்டு பொலிவியானோ கூடுதல். அவள் கணவன் ஸெனோபியோவுக்கு அது பொறுக்கவில்லை. அவன் இன்னொருவருடைய மினிபஸ்ஸை வாடகைக்கு ஓட்டுகிறவன், வாடகை, வட்டி என்றாலே கசக்கும்.

"பன்னெண்டு கூடவா? அந்த ஆளு என்ன உங்கண்ணனா, இப்படிப் போய் விழறே?"

"எங்கண்ணனா இருந்தா ஒரு மூட்டைகூட குடுத்திருக்க மாட்டான். பேசாம சாப்புடு."

அந்த முறை ஒவ்வொரு கோழியும் இரண்டே முக்கால் கிலோ தேறியது. பன்னிரண்டைக் கழித்தும் கையில் நின்றது, இரண்டு வருஷத்தில் அவள் பார்க்காத பணம். அடுத்த தடவை ஐந்நூறு குஞ்சு விட்டாள், அதற்கடுத்து எண்ணூறு. தார்ப்பாய் போய்த் தகரம் வந்தது. ஒரு கொட்டகை இரண்டாயிற்று. நான்காம் வருஷம் மூவாயிரம் கோழி. செங்கல் வீடு எழும்பியது. மூத்தவள் கொச்சபாம்பா நகரில் செவிலியர் படிப்புக்குச் சேர்ந்தாள். கடைக்குட்டிக்கு முதல் முடி வெட்டும் சடங்கில், தட்டில் பணம் வைத்து முதல் கொத்தை வெட்டும் ஞானத்தகப்பனாக ருப்பெர்த்தோவையே அழைத்தார்கள். அன்றிலிருந்து அவர் அவளுக்குக் கொம்பாத்ரே, அவள் அவருக்குக் கொமாத்ரே. அந்த ஊரில் அது ரத்த உறவுக்குச் சற்றும் குறையாத உறவு.

மூன்றாவது கொட்டகையை அவர்தான் போடச் சொன்னார்.

"மூவாயிரத்துக்கு ஆகற பாடுதான் அஞ்சாயிரத்துக்கும். தகரம், தீனித்தட்டு, தண்ணிக் குழாய் எல்லாத்தையும் என் கணக்குல எடுத்துக்கங்க. ஒண்ணே ஒண்ணு, கொமாத்ரே. குஞ்சும் எங்கிட்டத்தான், தீவனமும் எங்கிட்டத்தான், கோழி ஏத்தறதும் என் லாரியிலதான்."

"வேற எங்க போவேன் நான்?" என்று சிரித்தாள். அதற்குள் அவளுக்கு ஒரு துணிச்சல் வந்திருந்தது. தோழி ஃபோர்துனாத்தாவையும் அவரிடம் அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். ஃபோர்துனாத்தா மூன்று வீடு தள்ளி இருக்கிற விதவை. சந்தையில் வெங்காயம் விற்றுக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே வருஷம் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தவர்கள். கடனென்றால் ஃபோர்துனாத்தாவுக்குப் பயம்.

"எனக்கெதுக்குடி இந்த வம்பு? வெங்காயம் செத்துப் போகாது, கோழி செத்துப் போகும்."

"செத்தா நான் இருக்கேன். வாடி."

ஃபோர்துனாத்தா ஆயிரத்து ஐந்நூறு குஞ்சு விட்டாள். இரண்டு தடவை நன்றாகவே வந்தது. கூரைக்கு ஓடு மாற்றினாள்.

மூன்றாவது தடவைதான் சாலையை மறித்தார்கள்.

ஒவ்வொரு வருஷமும் யாராவது எதற்காவது மறிப்பதுதான். மூன்று நாள், நான்கு நாளில் பேசி எடுத்துவிடுவார்கள். அதனால் முதல் வாரம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்த முறை சாந்தா குரூஸ் போகிற சாலையை ஐந்து இடத்தில் மலையைச் சரித்துக் கொட்டி அடைத்திருந்தார்கள். சோளமும் சோயாவும் அந்தச் சாலை வழியாகத்தான் வரவேண்டும். தீவன ஆலையே அந்தப் பக்கம்தான். எட்டாம் நாள் பிரிமித்திவாவின் கோழிகளுக்கு முப்பத்தொரு நாள் வயது. கோழி மலைபோலத் தின்கிற வயது அது. ஐயாயிரம் கோழிக்கு ஒரு நாளைக்குப் பதினாறு மூட்டை வேண்டும். கொட்டகையில் கிடந்தது ஒன்பது.

கில்லாகொல்லோ கடை முன்னால் கூட்டம். ரொக்கம் வைத்திருந்தவர்கள் முன்னால் நின்றார்கள். மூட்டை இருமடங்கு விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. கடனுக்கு வாங்குகிறவர்கள் எதிர்ச் சுவரோரம் நின்றார்கள். நான்கைந்து வருஷமாக ஒருவரையொருவர் வணக்கம் சொல்லிக்கொள்கிற முகங்கள்தான். அன்றைக்கு யாரும் யாரையும் பார்க்கவில்லை. ருப்பெர்த்தோ அவளைக் கண்டதும் உள்ளே வரச்சொல்லிக் கையசைத்தார்.

"ரொக்கம் இருக்கா, கொமாத்ரே?"

"இருந்தா வெளிய வரிசையில நிப்பேனே. எனக்கு ஒரு நாளைக்குப் பதினாறு மூட்டை வேணும், கொம்பாத்ரே. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்." வாயில் தீக்குச்சி இல்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். "எனக்கும் ஆலையில தவணைதான், அறுபது நாள். அது உங்களுக்குத் தெரியுமா? ஆறு வருஷமா அப்படித்தான். நேத்து காலையில போன் பண்ணி, பழைய பாக்கி மொத்தமும் வந்தாத்தான் அடுத்த லோடுன்னுட்டாங்க. வழி திறந்தாலும் எனக்கு லோடு கிடையாது. நான் உங்களுக்கெல்லாம் குடுத்தது என் சரக்குன்னா நெனச்சீங்க? நடுவுல நான் ஒரு குழாய், அவ்வளவுதான். அங்க மூடினா இங்க வராது."

"அப்போ எங்க கோழிங்க கதி?"

"உள்ள முந்நூறு மூட்டை கெடக்கு. அத ரொக்கத்துக்கு வித்து ஆலைக்கு அனுப்பினா கடை நிக்கும்."

"என் கோழி செத்தா யாரோட பணம் சாகுது? என்னோடதா? கொட்டகைத் தகரத்துலேர்ந்து குஞ்சு வரைக்கும் எல்லாம் உங்க கணக்குலதானே இருக்கு!"

அவர் வெளியே நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "ஸெனோபியோவை வண்டியோட பின்வாசலுக்கு வரச்சொல்லுங்க. நாப்பது மூட்டை. ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. ஃபோர்துனாத்தாவுக்கும்தான். அவங்களுக்குக் குடுக்க எங்கிட்ட இல்ல."

மினிபஸ் இருக்கைகளைக் கழற்றிவிட்டு நாற்பதையும் ஏற்றினார்கள். வீட்டில் மூட்டைகளைப் பின்கொட்டகையில் அடுக்கித் தார்ப்பாயை இழுத்து மூடினாள். முழுத் தீனி போட்டால் இரண்டரை நாள், பாதி போட்டால் ஐந்து நாள். அதற்குள் வழி திறந்துவிடும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவளும் தனக்குள் அதையே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் மதியம் ஃபோர்துனாத்தா வந்தாள். பாவாடை ஓரமெல்லாம் உமி. கண் உள்ளே போயிருந்தது.

"எங்கிட்ட நேத்தோட தீந்துது. சோளத்தவிடு, உருளைக்கிழங்குத் தோலு, எதெதையோ போடறேன், தொட மாட்டேங்குது. கடையில கேட்டா ரொக்கம்ங்கறாரு. உனக்குக் கெடச்சுதா?"

"இல்ல" என்றாள் பிரிமித்திவா.

அந்த ஒரு சொல் எப்படி வாயிலிருந்து வந்தது என்று அவளுக்கே பிற்பாடு விளங்கவில்லை. யோசித்துச் சொன்னதில்லை. பத்து மூட்டை கொடுத்தால் தனக்கு ஒரு நாளுக்கு மேல் குறையும் என்ற கணக்கு மட்டும் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லடி."

ஃபோர்துனாத்தா தலையாட்டினாள். போகத் திரும்பியவள் வாசலில் நின்றாள். கொட்டகைப் பக்கம் காது கொடுத்தாள்.

"என் கோழிங்க விடியறதுலேர்ந்து கத்துதுங்க. பசி எடுத்தா அதுங்க கத்தற கத்து, தெருமுனை வரைக்கும் கேக்குது." மறுபடி கொட்டகைப் பக்கம் பார்த்தாள். "உன்னோடது சத்தமே இல்லையே, பிரிமி."

ஃபோர்துனாத்தா திட்டவில்லை, அழவுமில்லை. பாவாடையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள்.

இரண்டு நாள் கழித்து ஃபோர்துனாத்தாவின் கோழிகள் ஒன்றையொன்று கொத்தித் தின்ன ஆரம்பித்தன. அந்தச் சத்தம் பிரிமித்திவாவின் சமையலறை வரைக்கும் வந்தது. ஜன்னலைச் சாத்தினாள். சாத்தியும் கேட்டது. அன்றைக்கு மாலை ஐந்து மூட்டையைக் கைவண்டியில் ஏற்றி ஸெனோபியோவிடம் கொடுத்து அனுப்பினாள். அவன் ஏற்றின வண்டியோடு திரும்பி வந்தான்.

"வேண்டாங்கறா. கதவைத் தெறக்கல. உள்ளேர்ந்தே சொன்னா."

"வாசல்ல எறக்கிட்டு வந்திருக்கலாமே?"

"எறக்கினேன். அவளே வெளிய வந்து ஒவ்வொண்ணா வண்டியில தூக்கிப் போட்டா. நான் என்ன பண்ணட்டும்?"

ஆறாம் நாள் பிரிமித்திவாவின் மூட்டைகளும் தீர்ந்தன. சாலை திறக்கவில்லை. இனிப் பார்த்துக்கொண்டிருந்து பயனில்லை என்று, நடக்கத் தெம்புள்ள கோழிகளைக் கூண்டுகளில் திணித்து மினிபஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மறியல் நடக்கிற இடத்துக்கே போனார்கள். கல்லும் மரமும் குவித்த சாலை நடுவே பெரிய பெரிய அண்டாக்களில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. நூறு நூறு பேராக உட்கார்ந்திருந்தார்கள். அண்டாவுக்குப் பொறுப்பாக இருந்த பெண் ஒரு கோழியைத் தூக்கிப் பார்த்தாள்.

"எலும்புதான் இருக்கு. எட்டுக்குக் குடு."

"வழிய நீங்க மறிப்பீங்க, எங்கோழி பட்டினியில எலும்பாகும், அத எட்டுக்கு வேற கேப்பீங்களா?"

அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரவில்லை. "எங்க உருளைக்கிழங்கும் வயல்லதாம்மா அழுகுது. நான் என்ன, ஆசைப்பட்டா இங்க வந்து குந்தியிருக்கேன்? சரி, பத்து. அதுக்கு மேல எங்கிட்ட இல்ல."

மூன்று நாளில் ஆயிரத்துச் சொச்சம் கோழி பத்துப் பத்தாகப் போனது. மிச்சமுள்ளவை கொட்டகையிலேயே சரிந்தன. காலையில் உள்ளே போனால் தரை வெள்ளையாக இருக்கும், எது உயிரோடு, எது செத்தது என்று காலால் தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கும். வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, ஒரு வரிசை கோழி, ஒரு வரிசை சுண்ணாம்பு என்று போட்டார்கள். மூன்று குழி நிறைந்தது. நான்காவது குழிக்கு ஸெனோபியோ மண்வெட்டியை ஓங்கியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவளே வெட்டினாள். இருபத்திரண்டாம் நாள் சாலை திறந்தபோது கொட்டகையில் எழுநூறு கோழி இருந்தது.

ருப்பெர்த்தோவின் கடை மூடிக் கிடந்தது. ரொக்கத்துக்கு விற்ற பணமெல்லாம் ஆலைக்குப் பத்தவில்லையாம். கடன் வாங்கியிருந்த எழுபது பண்ணையில் கோழி செத்தது, ஒருவரும் கட்டவில்லை. லாரி இரண்டையும் ஆலையே எடுத்துக்கொண்டு போய்விட்டது. கூடவே அவருடைய கணக்குப் புத்தகங்களையும்.

அடுத்த மாதம் ஆலையிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். மொந்தான்யோ என்று பெயர், எல்லாரும் இன்ஜினியர் என்றே கூப்பிட்டார்கள். நல்ல மரியாதையான பையன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தான். தாளை மேசையில் விரித்தான்.

"அர்னெஸ் அவர் பாக்கிக்கு ஈடா உங்க பாக்கியெல்லாம் எங்களுக்கு எழுதிக் குடுத்துட்டாருங்கம்மா. இனிமே நீங்க கட்ட வேண்டியது எங்களுக்கு."

அவள் வரிவரியாக விரலை வைத்துப் படித்தாள். தகரம், தட்டு, குஞ்சு, தீவனம். கடைசி வரியில் விரல் நின்றது. நாற்பது மூட்டை, மறியல் நாளின் ரொக்க விலைக்கு. இருமடங்கு.

மறுநாளே ருப்பெர்த்தோ வீட்டுக்குப் போனாள். வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனாள். லாரி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அவர் முற்றத்தில் பலகை மேல் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். இளைத்துப் போயிருந்தார்.

"நாப்பது மூட்டைக்கு அந்த வெலையா போட்டீங்க, கொம்பாத்ரே?"

"அன்னைக்கு வெளிய அந்த விலைக்குத்தான் போச்சு. ஆலையில ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்குக் காட்டணும். போட்டேன்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா வேண்டான்னிருப்பேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சொல்லியிருந்தாலும் எடுத்திருப்பீங்க."

எடுத்திருப்பாள்தான். அது அவளுக்கும் தெரியும். அவர் மனைவி ஒரு கோப்பை சோளக்கூழ் கொண்டுவந்து வைத்தாள். மரியாதைக்குக் குடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

மொந்தான்யோ இரண்டாம் முறை வந்தபோது வேறு தாள் கொண்டுவந்தான். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் ஆலை தரும். கொட்டகையும் உழைப்பும் அவளுடையது. கோழி ஆலையுடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி, அதில் பாதி பழைய பாக்கிக்குப் போகும். ஆறு வருஷத்தில் தீரலாம்.

"நாலாவது கொட்டகையும் போட்டுடலாம்மா. ஏழாயிரம் விடலாம். தகரம் நாங்க தரோம்."

"அதுவும் கணக்குலயா?"

"அதுவும் கணக்குலதாங்க."

ஸெனோபியோ கதவோரம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். "இருநூறுல ஆரம்பிச்சோம். ஏழாயிரம். என்னமா வளந்துட்டோம், பாத்தியா?" என்றான். மூத்தவளுக்குக் கல்லூரியில் இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. பிரிமித்திவா கையெழுத்துப் போட்டாள்.

ஃபோர்துனாத்தா போடவில்லை. வீட்டையும் கொட்டகையையும் விற்றுப் பாக்கியை முழுசாக அடைத்தாள். சிலி நாட்டில் திராட்சைத் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று புறப்பட்டாள். அதைக்கூட பிரிமித்திவா சந்தையில் யாரோ பேசக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். புறப்படுகிற நாளன்று காலையில் பேருந்து நிற்கிற சாலைமுனைக்கு ஓடினாள். ஃபோர்துனாத்தா வண்ணக் கம்பளித் துணியில் கட்டிய மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றாள். கூட வேறு இரண்டு பெண்கள்.

பிரிமித்திவா மடித்து வைத்திருந்த பணத்தை நீட்டினாள். முதல் கூலியில் கையில் நின்றது அவ்வளவுதான். "வழிச்செலவுக்கு வச்சுக்கடி."

ஃபோர்துனாத்தா வாங்கினாள். ஒவ்வொரு நோட்டாக எண்ணினாள். எண்ணி முடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ரொம்ப நன்றிங்க" என்றாள். "பேருந்து வர இன்னும் நேரமாகும். நீங்க நிக்க வேண்டாம். உங்களுக்கு வேலையிருக்கும்."

இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் வாயிலிருந்து வராத 'நீங்க' அது. கூட நின்ற பெண்களுக்கு அதில் ஒன்றும் தெரிந்திருக்காது. யாரோ தெரிந்த அம்மா வழியனுப்ப வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

பிரிமித்திவா நின்றாள்தான். பேருந்து வந்தது. மூட்டையைத் தூக்கிக் கொடுக்கக் கை நீட்டினாள், அதற்குள் நடத்துனர் வாங்கிக்கொண்டான். ஃபோர்துனாத்தா மறுபக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். பேருந்து கிளம்பித் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஆலை லாரி வாசலில் நின்றிருந்தது. ஓட்டுநர் எரிச்சலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். ஏழாயிரம் ஒரு நாள் குஞ்சு, அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக, துளை வழியே அலகை நீட்டிக்கொண்டு. வெயில் ஏறுவதற்குள் இறக்கியாக வேண்டும். அவள் செருப்பைக் கழற்றி மூலையில் விட்டுவிட்டு, முதல் பெட்டிக்குக் கையை நீட்டினாள்.